வசனத்தை வாழ்க்கையில் எங்கே வைப்பது? மதுரைப் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

மதுரையிலும் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கமும் வீட்டு ஜெபக்கூட்டங்களுக்குப் போனால், பாட்டும் ஜெபமும் முடிந்து காபி டம்ளர் கைக்கு வந்த பிறகுதான் மனசில் இருக்கும் கேள்விகள் வெளியே வரும். கடை, கடன், கல்யாணம், பக்கத்து வீடு, சாதி, அடிக்கிற கணவன். அப்படித் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். நான் போதகர் இல்லை. சபையில் வேதபாடம் நடத்துகிற ஒரு சாதாரண உறுப்பினர். வசனங்கள் நாம் சபையில் வாசிக்கிற பழைய மொழிபெயர்ப்பில் உள்ளவை.

தினமும் வேதம் வாசிக்கிறேன். ஆனால் அன்றாட வாழ்க்கையில் அதை எங்கே பொருத்துவது என்று தெரியவில்லை. எங்கே தொடங்கலாம்?

லேவியராகமம் 19-ஆம் அதிகாரத்தில் தொடங்குங்கள். பலியும் தீட்டும் நிறைந்த புத்தகம் என்று பலரும் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். "உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும் அன்புகூருவாயாக" என்பதை இயேசு சொன்னதாகத்தான் நமக்குப் பழக்கம். அவர் அதை எடுத்தது இந்த அதிகாரத்தின் 18-ஆம் வசனத்திலிருந்து.

அந்த வசனத்தைச் சுற்றி என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். வயலின் ஓரத்தை ஒட்ட அறுக்காமல் ஏழைக்கு விட்டுவை. கூலிக்காரனுடைய கூலியை மறுநாள் காலைவரை உன் கையில் வைத்திராதே. செவிடனைத் திட்டாதே, குருடன் போகிற வழியில் தடுக்கல் வைக்காதே. வழக்கில் ஏழை முகத்தையும் பார்க்காதே, பெரியவன் முகத்தையும் பார்க்காதே. கோள் சொல்லித் திரியாதே. நரைத்தவருக்கு முன்பாக எழுந்திரு. அந்நியனாக வந்து உன்னிடத்தில் தங்குகிறவனை ஒடுக்காதே. தராசும் படியும் சரியாக இருக்கட்டும்.

பிறனிடத்தில் அன்பு என்பது வயலிலும் தராசிலும் சம்பளத்திலும் தெரிய வேண்டியது என்று அந்த அதிகாரம் வரி வரியாகச் சொல்கிறது. ஆகவே ஒரு பகுதியை வாசித்ததும், "இது எனக்கு என்ன ஆறுதல் தருகிறது?" என்று கேட்டு அதோடு நிறுத்திவிடாதீர்கள். "இதன்படி நான் நடந்தால் இன்றைக்கு யாருக்கு நல்லது நடக்கும்?" என்றும் கேளுங்கள். அப்போது ஓர் ஆளின் முகம் நினைவுக்கு வந்தால், வசனம் வந்து சேர வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டது. கீழே வரும் பதில்கள் எல்லாவற்றுக்கும் இந்தக் கேள்விதான் உரைகல்.

அதே அதிகாரத்தில் இருவித நூல் கலந்த உடையை உடுத்தாதே என்றும் இருக்கிறதே? நாம் எல்லாரும் டெரிகாட்டன்தானே போடுகிறோம்? எதைப் பிடிப்பது, எதை விடுவது?

நியாயமான கேள்வி. இளைஞர்கள் இதைக் கேட்டால் அதட்டி உட்கார வைக்காதீர்கள்.

நூல், தாடி, விதை போன்ற கட்டளைகள் இஸ்ரவேல் ஜனத்தைச் சுற்றியிருந்த மற்ற ஜனங்களிலிருந்து பிரித்துக் காட்டியவை. புறஜாதியாரிலிருந்து, அதாவது யூதரல்லாதவரிலிருந்து, விசுவாசத்துக்கு வந்தவர்கள்மேல் அந்தப் பாரத்தைச் சுமத்த வேண்டாம் என்று அப்போஸ்தலர் 15-இல் எருசலேமில் கூடித் தீர்மானித்தார்கள். ஆனால் அயலானைப் பற்றிய பகுதியை அவர்கள் விடவில்லை. யாக்கோபு நிருபத்தைத் திறந்து பாருங்கள். முகதாட்சணியம், அதாவது ஆள் பார்த்து நடத்துவது, 2-ஆம் அதிகாரத்தில், கோள் 4-இல், பிடித்துவைத்த கூலி 5-இல் வருகிறது. அயலானிடத்தில் அன்புகூரும் கட்டளைக்கு அவர் ராஜரிக பிரமாணம் என்றே பேர் வைக்கிறார். லேவியராகமம் 19-ஐப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு எழுதியதுபோல் இருக்கும். இயேசுவும் அப்போஸ்தலரும் மறுபடி எடுத்துச் சொன்னதை உறுதியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். சட்டைத் துணியைப் பற்றிக் கவலை வேண்டாம்.

புது வருஷ ஆராதனையில் எனக்குக் கிடைத்த, வருஷத்துக்கென்று ஒரு வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டையில் எரேமியா 29:11 வந்தது. அதை எனக்கென்று எடுத்துக்கொள்ளலாமா?

எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கடிதத்தை முழுசாக வாசித்துவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

"அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற வரி, பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதத்தில் இருக்கிறது. இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று அனனியா என்ற தீர்க்கதரிசி சொல்லிக்கொண்டிருந்தார். எரேமியாவோ 70 வருஷம் ஆகும் என்கிறார். கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்புவதைப் பார்த்திருக்க முடியாது. பேரப்பிள்ளைகள்தான் பார்த்திருப்பார்கள். அதுவரை என்ன செய்வது? வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யுங்கள் என்கின்றன 5, 6-ஆம் வசனங்கள். நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபம்பண்ணுங்கள் என்கிறது 7-ஆம் வசனம்.

அட்டையில் 11 மட்டும் வருகிறது, 7 வருவதில்லை. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். இந்த வருஷமே வேலை, இந்த வருஷமே வீடு என்று அந்த அட்டையைப் பிடித்துக்கொண்டு, மார்கழியில் எதுவும் நடக்கவில்லை என்றதும் தேவன் ஏமாற்றிவிட்டார் என்று உடைந்துபோனவர்களைப் பார்த்திருக்கிறேன். தேவன் அப்படி ஒரு தேதி குறிக்கவில்லை. நீங்கள் 11-ஐ எடுத்தால் 7-ஐயும் சேர்த்தே எடுங்கள். உங்களுக்குப் பட்டணம் என்பது மதுரை. உங்கள் தெருவில் தண்ணீர் லாரி வருவதும், சாக்கடை அடைப்பு நீங்குவதும், பக்கத்துத் தெருப் பையன் பள்ளிக்கூடத்தை விட்டு நிற்காமல் இருப்பதும் அந்தச் சமாதானத்தில் சேர்த்திதான்.

வியாபாரத்தில் முழுக்க நேர்மையாக இருந்தால் பிழைக்க முடியுமா? முகூர்த்த நாளில் விலையை ஏற்றுவது பாவமா?

மல்லிகைப்பூவை வைத்தே பேசுவோம். 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் ஊர்ப் பூ. மார்கழி, தைப் பனியில் வரத்து குறையும், கல்யாண நாளில் தேவை கூடும். மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் விலை ஏறத்தான் செய்யும். செடி குறைவாகப் பூத்து, வாங்குகிறவர்கள் அதிகமானதால் ஏறுகிற விலையை நான் பாவம் என்று சொல்ல மாட்டேன். அந்த ஏற்றத்தில்தான் விவசாயிக்கும் நாலு காசு நிற்கிறது.

எங்கே பாவம் ஆகிறது? நேற்றைய பூவைத் தண்ணீர் தெளித்து இன்றைய பூவோடு கலக்கும்போது. ஆமோஸ் 8-இல், ஓய்வுநாள் எப்போது முடியும், படியைச் சிறிதாக்கித் தானியத்தில் பதரைக் கலந்து விற்கலாம் என்று காத்திருந்தவர்களைத் தேவன் கடிந்துகொள்கிறார். அவர்கள் ஓய்வுநாளைக் கடைப்பிடித்தவர்கள் என்பதைக் கவனியுங்கள். அப்புறம் ஆள் பார்த்து அளக்கும்போது. தெரிந்தவருக்கு முழங்கையிலிருந்து விரல்நுனிவரை ஒரு முழம், வெளியூர்க்காரருக்குக் கையை மடக்கி ஒரு முழம். பையில் பெரிதும் சிறிதுமாக இரண்டு விதக் கல் வைத்திராதே என்று உபாகமம் 25:13 சொல்வது இதைத்தான். மூன்றாவது, மக்களுக்கு வேண்டிய பொருளை வேண்டுமென்றே பதுக்கி விலையை ஏற்றும்போது. "தானியத்தைக் கட்டிவைக்கிறவனை ஜனங்கள் சபிப்பார்கள்" என்கிறது நீதிமொழிகள் 11:26.

வாங்குகிறவர்களுக்கும் ஒரு வசனம் இருக்கிறது. அதை யாரும் அட்டையில் அச்சடிப்பதில்லை. "கொள்ளுகிறவன்: நல்லதல்ல, நல்லதல்ல என்பான், போய்விட்டபின்போ மெச்சிக்கொள்வான்" (நீதிமொழிகள் 20:14). பெரிய ஜவுளிக்கடையில் போட்ட விலையைக் கொடுத்துவிட்டு, விளக்குத்தூண் பக்கம் தரையில் உட்கார்ந்திருக்கும் அம்மாவிடம் அஞ்சு ரூபாய்க்கு அரைமணி நேரம் பேரம் பேசுகிறோம். வெயிலில் உட்கார்ந்திருப்பவர் அவர்தான்.

பிழைக்க முடியுமா என்ற கேள்விக்கு நேராகவே சொல்கிறேன். சில சமயம் லாபம் குறையும். நேர்மையாக இருந்தால் கடை பெருகும் என்று நான் உறுதி கொடுக்க மாட்டேன். சங்கீதம் 15 கர்த்தருடைய கூடாரத்தில் தங்குகிறவனைப் பற்றிச் சொல்லும்போது, தனக்கு நஷ்டம் வந்தாலும் ஆணையிட்டதில் தவறாதவன் என்கிறது. நஷ்டம் வரலாம் என்பதை வேதம் மறைக்கவில்லை.

வீட்டு வேலைக்கு வருகிற அக்காவுக்கும் கடைப் பையன்களுக்கும் சம்பளம் கொடுக்கிறோம். இதில் வசனம் எங்கே வருகிறது?

தேதியில் வருகிறது. உபாகமம் 24:15 அந்தந்த நாளின் கூலியைப் பொழுது போகுமுன் கொடுக்கச் சொல்கிறது. காரணமும் அங்கேயே இருக்கிறது: அவன் ஏழை, அதன்மேல் ஆவலாய் இருக்கிறான். நாம் 1-ஆம் தேதி கொடுக்க வேண்டியதை "அடுத்த வாரம் வாங்கிக்கோம்மா" என்று சொன்னால், அந்த ஒரு வாரத்துக்கு அவர் எங்கேயோ வட்டிக்கு வாங்குகிறார். நம்முடைய தாமதத்துக்கு அவர் பணம் கட்டுகிறார். லீவு எடுத்த நாளுக்குப் பிடித்தம், தீபாவளிக்கு மட்டும் ஒரு புடவை என்ற கணக்கை வீட்டில் உட்கார்ந்து ஒரு தடவை திருத்திப் பாருங்கள்.

ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து நம் ஊர் ஓட்டல்களிலும் கட்டட வேலையிலும் இருக்கிற பையன்கள் இருக்கிறார்களே, லேவியராகமம் 19:34 அவர்களுக்காகவே எழுதியது போல இருக்கிறது. உள்நாட்டானைப் போலவே அவனை நினை, உன்னைப்போல அவனில் அன்புகூரு, நீங்களும் எகிப்தில் அந்நியராயிருந்தீர்களே என்கிறது. நம் குடும்பங்களிலும் பர்மாவுக்கும் மலேசியாவுக்கும் வளைகுடாவுக்கும் போய்ப் பிழைத்தவர்கள் உண்டு.

வட்டிக்குப் பணம் கொடுக்கலாமா? என் கணவர் ஓய்வுபெற்ற பணத்தை மூணு வட்டிக்கு விடலாம் என்கிறார்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். மூணு வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் 3 ரூபாய், வருஷத்துக்கு 36. பத்து வட்டி என்றால் வருஷத்துக்கு 120. தண்டல் இன்னும் மோசம். பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு 8,500 கையில் கொடுப்பார்கள், நாளுக்கு 100 வீதம் நூறு நாள் வசூல் நடக்கும். தமிழ்நாட்டில் 2003-இலேயே கந்துவட்டிக்கு எதிராகச் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் கடை கடையாகப் பையோடு பைக்கில் வருகிறவர்கள் நின்றபாடில்லை.

வேதம் எல்லா வட்டியையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. தாலந்து உவமையில் எஜமான், என் பணத்தைக் காசுக்காரரிடம் போட்டிருந்தால் வட்டியோடு வாங்கியிருப்பேனே என்கிறான். பேங்கில் வைப்புநிதி போடுவது எனக்குத் தவறாகத் தெரியவில்லை. ஆனால் யாத்திராகமம் 22:25 கஷ்டத்தில் இருக்கிற ஏழைக்குக் கடன் கொடுத்தால் வட்டியே வாங்காதே என்கிறது. ஆக, வாங்குகிறவர் யார் என்று பாருங்கள். கடையை விரிவாக்க வாங்குகிறவர் வேறு, பிள்ளைக்குப் பீஸ் கட்ட, ஆஸ்பத்திரிச் செலவுக்கு, பழைய கடனின் வட்டியைக் கட்ட வாங்குகிறவர் வேறு. மூணு வட்டிக்கு வெளியே வாங்க வருகிறவர்களில் பெரும்பாலோர் இரண்டாவது வகை. பேங்க் கொடுக்காததால்தான் உங்களிடம் வருகிறார்கள். அக்கா, உங்கள் கணவரிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள். அந்தப் பணத்தை அஞ்சலகச் சேமிப்பிலோ பேங்கிலோ போடட்டும். யாராவது உண்மையில் முடியாமல் வந்து நின்றால், திரும்பி வராவிட்டாலும் தாங்கக்கூடிய தொகையை வட்டியில்லாமல் கொடுங்கள்.

அடகு பற்றியும் ஒரு வார்த்தை. உபாகமம் 24:6 மாவரைக்கும் திரிகைக் கல்லை அடகு வாங்கக்கூடாது என்கிறது. அது ஜீவனையே அடகு வாங்குவதற்குச் சமம். இன்றைக்கு அந்தத் திரிகைக் கல் எது என்று யோசித்தால் எனக்கு மூன்று தெரிகிறது: ஆட்டோவின் ஆர்.சி. புக், ரேஷன் கார்டு, சம்பளம் விழுகிற ஏ.டி.எம். கார்டு. விசுவாசி ஒருவர் இவற்றை வாங்கிப் பீரோவில் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை திருவிருந்துக்குப் போவது என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியாத ஒன்று.

நண்பர் ஜாமீன் கையெழுத்துக் கேட்கிறார். மறுத்தால் அன்பில்லை என்று ஆகிவிடுமா?

ஆகாது. நீதிமொழிகள் 6-இன் தொடக்கம் இதைப் பற்றித்தான். மாட்டிக்கொண்டால் மான் வேடன் கைக்குத் தப்புவதுபோல் ஓடித் தப்பு என்கிறது. கையெழுத்துப் போடாமல், உங்களால் முடிந்த பணத்தைக் கையில் கொடுங்கள்.

பக்கத்து வீட்டில் சாமிக்குப் படைத்த கொழுக்கட்டையும் சர்க்கரைப் பொங்கலும் கொடுக்கிறார்கள். வாங்கலாமா, சாப்பிடலாமா?

மதுரையில் கிறிஸ்தவராக வாழ்கிற யாரும் இந்தக் கேள்விக்குத் தப்ப முடியாது. பவுல் கொரிந்து சபைக்கு இதைப் பற்றி மூன்று அதிகாரம் எழுதியிருக்கிறார் (1 கொரிந்தியர் 8 முதல் 10 வரை). அவர் சொல்வதைச் சுருக்கினால்: விக்கிரகம் ஒன்றுமில்லை, கடையில் விற்பதை விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிடு. விசுவாசியாத ஒருவர் விருந்துக்குக் கூப்பிட்டால் முன்னால் வைப்பதைச் சாப்பிடு. ஆனால் கோயில் வழிபாட்டிலேயே போய்ப் பங்கெடுக்காதே. படைத்தது என்று ஒருவர் எடுத்துச் சொன்னால், அவருடைய மனச்சாட்சிக்காகச் சாப்பிடாதே. உன் சாப்பாட்டினால் பலவீனமான சகோதரன் இடறி விழுந்தால் அன்புக்கு விரோதமாக நடக்கிறாய்.

இதை வைத்து நம் சபைகளில் இரண்டு விதமாக நடக்கிறார்கள். தொடுவதே இல்லை என்று இருப்பவர்கள், விக்கிரகத்துக்குப் படைத்ததை விலக்கச் சொல்கிற அப்போஸ்தலர் 15:29-ஐக் காட்டுகிறார்கள். சமீபத்தில்தான் விசுவாசத்துக்கு வந்தவர்களுக்குப் பழைய நினைவெல்லாம் அதில் கட்டுண்டு இருக்கும். அவர்கள் தவிர்ப்பது சரி, அவர்கள் இருக்கிற வீட்டில் மற்றவர்களும் தவிர்ப்பது நல்லது. இன்னும் சிலர் அதைப் பக்கத்து வீட்டு அம்மாவின் அன்பாக மட்டும் பார்த்துச் சாப்பிடுகிறார்கள். அவர்களையும் நான் குற்றம் சொல்ல மாட்டேன். "புசிக்கிறவன் புசியாதிருக்கிறவனை அற்பமாயெண்ணாதிருப்பானாக" என்ற ரோமர் 14:3, மற்றப் பக்கத்துக்கும் அதையே சொல்கிறது.

சாப்பிடாதவர்கள் ஒன்றை மட்டும் மறந்துவிடக் கூடாது. வாசலில் நிற்கிற அம்மாவின் முகத்துக்கு நேரே தட்டைத் தள்ளாதீர்கள், பிசாசு என்ற வார்த்தையை எடுக்காதீர்கள். "அக்கா, எங்க வழக்கத்துல படைச்சதைச் சாப்பிட மாட்டோம், தப்பா எடுத்துக்காதீங்க. உள்ள வாங்க, காபி குடிச்சிட்டுப் போங்க" என்று சொன்னால் போதும். மதுரைக்காரர்களுக்கு இது நன்றாகப் புரியும். கிறிஸ்துமஸுக்கு நாம் அச்சுமுறுக்கு கொண்டுபோகும்போது அவர்கள் மறுப்பதில்லை என்பதையும் நினைத்துப் பாருங்கள். சித்திரை மாதம் அழகர் ஆற்றில் இறங்குகிற நாட்களில் கால்நடையாக வருகிற லட்சக்கணக்கான ஜனங்களுக்கு உங்கள் வாசலில் குடிக்கத் தண்ணீர் வைத்தால் எந்தக் கட்டளையும் மீறப்படாது. தாகமாயிருந்தேன் என்று சொன்ன இயேசு, தாகமாயிருப்பவனின் மதத்தைக் கேட்கச் சொல்லவில்லை.

கிறிஸ்தவக் கல்யாணத்துக்கும் முகூர்த்த நாள், ராகுகாலம் பார்க்கிறார்களே?

குறிகேளாமலும் நாள்பாராமலும் இருங்கள் என்று லேவியராகமம் 19:26 நேரடியாகவே சொல்கிறது. ஆனி வளர்பிறையில் மண்டபம் கிடைக்காமல் அல்லாடுவதைவிட, யாரும் எடுக்காத நாளில் வாடகையும் பூவும் குறைவாகவே முடியும். உறவினர் வசதிக்காக ஒரு நாளைத் தேர்ந்தெடுப்பது வேறு, பயந்து தேர்ந்தெடுப்பது வேறு.

நாங்கள் வரதட்சணை கேட்கவில்லை. அவர்கள் பிள்ளைக்கு அவர்கள் போடுகிறார்கள். இதில் என்ன தப்பு?

"உங்க பொண்ணுக்கு நீங்க செய்றதைச் செய்ங்க" என்ற வாக்கியம் எத்தனை வீடுகளைக் கடனில் தள்ளியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். அது கேள்விதான், மரியாதையாகக் கேட்கிற கேள்வி. 1961-இன் வரதட்சணைத் தடுப்புச் சட்டப்படி வாங்குவதும் குற்றம், கொடுப்பதும் குற்றம். வேதத்திலோ ராகேலுக்காக வேலை செய்தவன் யாக்கோபு. ஏழு வருஷம் என்று தொடங்கி பதினாலு ஆனது. பெண் வீட்டார் பணம் எண்ணி வைத்ததாக அங்கே இல்லை.

உங்கள் மகனுக்கு ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிக்கிற மூன்று ஞாயிற்றுக்கிழமையும் யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று சபையில் கேட்பார்கள். அதற்கு முன்பே நீங்கள் பெண் வீட்டுக்குப் போய், "பவுன் வேண்டாம், கல்யாணச் செலவில் பாதி எங்களுடையது" என்று பெண்ணின் அப்பா காதில் விழும்படி சொல்லிவிடுங்கள். "கேட்கவில்லை" என்பது போதாது, "வேண்டாம்" என்று சொல்ல வேண்டும். பெண்ணைப் பெற்றவர்களுக்கு அதன் பிறகுதான் தூக்கம் வரும்.

சபையில் சாதி பார்ப்பது தவறு என்று தெரியும். ஆனால் கல்யாணம் என்று வந்தால் ஊர் உறவு எல்லாம் பார்க்க வேண்டியிருக்கிறதே?

பார்க்க வேண்டியதில்லை. இதில் நான் சுற்றி வளைக்க விரும்பவில்லை.

கிறிஸ்து இயேசுவுக்குள் எல்லாரும் ஒன்று என்கிற கலாத்தியர் 3:28-ஐ எல்லாரும் மனப்பாடமாகச் சொல்கிறோம். அதற்கு ஓர் அதிகாரம் முன்னால் நடந்ததைப் படிப்பதில்லை. அந்தியோகியாவில் பேதுரு புறஜாதி விசுவாசிகளோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் பயந்து எழுந்து தனியாகப் போனார். அவர் எந்தத் தவறான உபதேசத்தையும் சொல்லவில்லை, பந்தியை மாற்றினார், அவ்வளவுதான். அதற்காகப் பவுல் எல்லாருக்கும் முன்பாக அவரைக் கண்டித்தார். சுவிசேஷத்தின் சத்தியத்துக்கேற்றபடி நடக்கவில்லை என்றார்.

நம் ஊருக்கே இதில் ஒரு நீண்ட கதை உண்டு. 1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலி தமிழும் சமஸ்கிருதமும் கற்று, சந்நியாசியாக உடுத்து, இந்த மண்ணின் மொழியில் சுவிசேஷத்தைச் சொன்ன பெரிய மனிதர். அவருடைய மிஷனில் உயர்சாதியாருக்குத் தனியாகவும் மற்றவர்களுக்குத் தனியாகவும் ஊழியம் பிரிந்தது. 1834-இல் தொடங்கிய அமெரிக்க மதுரை மிஷன் பிற்பாடு நேர் எதிராகப் போனது. சபை ஊழியர்கள் சாதி பாராமல் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று வற்புறுத்தியது. அதை ஏற்காமல் விலகியவர்கள் பலர். அந்தப் பந்திக்கு மிஷன் கொடுத்த விலை பெரிது, கொடுக்கத் தகுந்தது என்றே நினைக்கிறேன். இன்றைக்குச் சேர்ந்து சாப்பிடுகிறோம். ஆனால் கல்லறைத் தோட்டத்தில் சுவர் நிற்கிற ஊர்கள் இன்னும் இருக்கின்றன. மணமகள் தேவை விளம்பரத்தில் "இரட்சிக்கப்பட்ட" என்ற வார்த்தைக்குப் பக்கத்திலேயே சாதிப் பெயரும் வருகிறது.

சான்றிதழில் சாதி எழுதுவது அரசாங்கக் கணக்கு, நூற்றாண்டுகளாகப் பறிக்கப்பட்டதைத் திரும்பப் பெறுகிற வழி. அதை இதோடு குழப்ப வேண்டாம். நான் சொல்வது வீட்டுக்குள் நடக்கிறதை. மகள் வேறு சாதியைச் சேர்ந்த ஒரு விசுவாசியைக் காட்டி, "இவரைக் கல்யாணம் பண்ணிக்கிறேன்" என்றால், அந்தப் பையனின் குணத்தையும் வேலையையும் குடியுண்டா என்பதையும் விசாரியுங்கள். நம் மகனுக்கு விசாரிக்கும் அதே கேள்விகள்தான். அதற்கு மேல் ஒரு கேள்வி எழுந்தால் அது பேதுரு எழுந்துபோன அதே பந்திதான். உறவினர் வராவிட்டால் வலிக்கும். அந்த வலியைத் தாங்க சபை கூட நிற்க வேண்டும், போதகர் முதலில் போய் அந்த வீட்டில் உட்கார வேண்டும்.

கணவர் குடித்துவிட்டு அடிக்கிறார். "கீழ்ப்படிந்து பொறுத்துப் போ, ஜெபம் பண்ணு" என்கிறார்கள். வேதம் அப்படித்தான் சொல்கிறதா?

இல்லை, அம்மா. எபேசியர் 5-ஐ எடுத்துக் காட்டுகிறவர்கள் 22-ஆம் வசனத்தில் தொடங்குகிறார்கள். 21 "ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்" என்கிறது. 25-இலிருந்து ஒன்பது வசனம் கணவனிடம் பேசுகிறது, கிறிஸ்து சபைக்காகத் தம்மைக் கொடுத்ததுபோல் நட என்று. அடிப்பதற்கு அதில் இடமே கிடையாது. சவுல் ஈட்டியை எறிந்தபோது தாவீது சவுலை ராஜாவாக மதித்தபடியே தப்பி ஓடினார். பவுலைத் தமஸ்குவில் கூடையில் வைத்து இறக்கிவிட்டார்கள். உயிருக்குத் தப்பி ஓடுவது விசுவாசக் குறைவு என்று வேதத்தில் எங்கும் இல்லை.

பெற்றோர் வீட்டுக்கோ நம்பிக்கையான ஒருவரிடமோ போங்கள். பெண்கள் உதவி எண் 181. 2005-இன் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் உங்களுக்கு அந்த வீட்டிலேயே வாழ உரிமையும் பாதுகாப்பு உத்தரவும் தருகிறது. சபைப் பெரியவர்களுக்கு: இந்த அம்மாவுக்குப் பொறுமையைப் போதிப்பதற்கு முன்னால் அந்த மனிதரைப் போய்ப் பாருங்கள்.

வியாதிக்கு ஜெபம் செய்துவிட்டு மாத்திரையை நிறுத்தலாமா?

நிறுத்தாதீர்கள். எசேக்கியாவுக்குப் பதினைந்து வருஷம் ஆயுசு கூட்டித் தருவதாக வாக்குக் கொடுத்த ஏசாயாவே, அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னார் (2 இராஜாக்கள் 20). லூக்காவைப் பிரியமான வைத்தியன் என்று பவுல் சொல்கிறார். சுகர், பிரஷர், வலிப்பு, டி.பி. மாத்திரைகளை டாக்டர் சொல்லாமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. ஜெபமும் செய்யுங்கள், மாத்திரையையும் நேரத்துக்குப் போடுங்கள்.

கடன் கழுத்தை நெரிக்கிறது. அப்போதும் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு என்ற தசமபாகம் கொடுக்க வேண்டுமா?

2 கொரிந்தியர் 8:12 இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே அங்கீகரிக்கப்படும் என்கிறது. கடன் என்பது இன்னொருவருடைய பணம். அவருக்குத் தவணை சொல்லிவிட்டு, கொடுக்காமல் அதைக் காணிக்கைப் பெட்டியில் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பெற்றோருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொர்பான், அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லித் தப்பியவர்களை இயேசு மாற்கு 7-இல் கடிந்துகொண்டார். சின்னதாக ஒரு தொகையைச் சந்தோஷமாகக் கொடுங்கள், மீதியில் கடனை அடையுங்கள். தசமபாகம் கொடாதவர்கள் தேவனை வஞ்சிக்கிறார்கள் என்கிற மல்கியா 3-ஐச் சொல்லி உங்களைப் பயமுறுத்துகிறவர்களிடம் உபாகமம் 14:29-ஐக் காட்டுங்கள். மூன்றாம் வருஷத் தசமபாகத்தை லேவியனோடுகூட அந்நியனும் திக்கற்றவனும் விதவையும் சாப்பிட்டார்கள். நீங்களே இப்போது அந்தப் பட்டியலில் இருக்கலாம். அப்படியானால் சபை உங்களுக்குக் கொடுக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை டூட்டி. ஆராதனைக்குப் போக முடியவில்லை.

நர்சுக்கும் பஸ் டிரைவருக்கும் இது பாவம் இல்லை. "ஓய்வுநாள் மனுஷனுக்காக உண்டாக்கப்பட்டது" (மாற்கு 2:27). வாரத்தில் வேறொரு நாள் உண்மையாகவே ஓய்ந்திருங்கள்.

முன்பு ஒருவரை ஏமாற்றிப் பணம் எடுத்தேன். தேவனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அது போதுமா?

தேவன் மன்னிக்கிறார், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் பணம் இன்னும் உங்களிடம் இருக்கிறதே. வரி வசூலித்து வந்த சகேயு, இயேசுவை வீட்டில் ஏற்றுக்கொண்ட அன்றைக்கே எழுந்து நின்று, அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாய்த் திரும்பக் கொடுக்கிறேன் என்றான். இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று இயேசு சொன்னது அதற்குப் பிறகுதான். எண்ணாகமம் 5:7 எடுத்த முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கச் சொல்கிறது. பத்தாயிரம் என்றால் பன்னிரண்டாயிரம்.

நேரில் போய்ச் சொல்லிக் கொடுப்பதுதான் நல்லது. பயமாக இருந்தால் இருவருக்கும் தெரிந்த ஒரு பெரியவரைக் கூட்டிப் போங்கள். மொத்தமாக முடியாவிட்டால் மாதாமாதம் என்று தேதி சொல்லி, அந்தத் தேதியில் கொடுங்கள். அவர் கோபப்பட்டால் கேட்டுக்கொள்ளுங்கள், பதில் பேசாதீர்கள். இறந்துவிட்டார் என்றால் மனைவி மக்களைத் தேடிப் பாருங்கள். அவர்களும் இல்லை என்றால் அது கர்த்தருக்குரியது என்று சொல்லி ஆசாரியனிடம் கொடுக்கச் சொல்கிறது அடுத்த வசனம். உங்கள் சபையில் படிப்பு உதவி நிதி இருந்தால் அதில் சேருங்கள், பெயர் போட வேண்டாம். எது செய்தாலும் இந்த மாதச் சம்பளத்திலிருந்தே ஆரம்பித்துவிடுங்கள்.